நெம்புகோலும் முட்டுக்கட்டையும்

வண்டிக்கு நம் முன்னோர் இட்ட பெயர்கள் பல. சகடம், சாகாடு, பண்டி என்பன அவற்றுள் சில. பெயர் பலவாயினும் வண்டிக்கு வழியில் நேரும் பெரும் இடர் ஒன்றே. சுமை மிகுந்து, நிலம் நெகிழ்ந்து, சக்கரம் மண்ணுள் ஆழ்ந்து, முன்னும் செல்லாமல் பின்னும் வாராமல் நின்றுவிடுதலே அவ்விடர். அன்று மாட்டு வண்டிக்கு வந்த அத்துன்பம் இன்று லாரிக்கும் டிராக்டருக்கும் வருகின்றது. பெரும்பொறிகள் வந்து தூக்கி விடுதற்கு வாய்ப்பில்லாத இடங்களில், கடப்பாரையும் மண்வெட்டியும் பலகையும் கயிறுமே துணையாகின்றன. அவற்றைக் கொண்டு ஆழ்ந்த வண்டியை மீட்கும் முறை யாது? அம்முறையுள் அடங்கிய அறிவு யாது? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

இவ்விடர் நம் பழம்புலவர்க்கும் நன்கு தெரிந்ததே. கடற்கரை உப்பை வண்டிகளில் ஏற்றி, மேடு பள்ளங்களைக் கடந்து உள்நாட்டிற்குக் கொண்டுசென்று விற்றவர் உமணர் எனப்பட்டனர். எருதுகளோ இளையன, நுகம் பழகாதன. வண்டியிலோ பண்டம் மிகுதி. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேருமென்று யார் அறிவார்? இவ்வாறு எண்ணிய உமணர், வண்டியின் அடிமரத்தில் வேறோர் அச்சையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் அச்சேம அச்சிற்கு ஒப்பிட்டுப் பாடிய பாட்டுப் புறநானூற்றில் உள்ளது. அதே நூலில், அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடும்போது, அச்சு நிலத்தில் தாக்க ஆழ்ந்துபோன பண்ட வண்டியை, மணல் பரக்கவும் கல் பிளக்கவும் நடந்து மீட்கும் பெருமிதமான பகட்டை அவர் உவமை ஆக்கினார். திருவள்ளுவரும் இடுக்கண் அழியாமை என்னும் அதிகாரத்தில், தடை வந்த இடமெல்லாம் தளராது இழுத்துச் செல்லும் பகட்டைப் போன்றவனிடம் துன்பமே துன்பப்படும் என்றார்.

பகட்டின் ஊக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் திருவள்ளுவர் ஊக்கத்தை மட்டும் கூறி நிற்கவில்லை. மெல்லிய மயிலிறகாயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் என்னும் அதிகாரத்தில் எச்சரித்தார். ஆகவே ஊக்கம் வேண்டும். அதனுடன் அளவு அறியும் அறிவும் வேண்டும். ஆழ்ந்த வண்டியின் அருகில் நிற்பவன் இவ்விரண்டனுள் எதை முதலில் கைக்கொள்கின்றானோ, அதனைப் பொறுத்தே அவ்வண்டியின் கதி அமைகின்றது.

முதலில், வண்டி ஏன் ஆழ்கின்றது என்பதை ஆராய்வோம். நெல் மூட்டைகளை ஏற்றிய ஒரு லாரியை எண்ணிக்கொள்ளுங்கள். மூட்டை ஒன்று 60 கிலோகிராமாக 150 மூட்டைகள் உள்ளன. நெல்லின் எடை மட்டும் 9 டன். வண்டியின் எடையையும் கூட்டினால், பின்னச்சின் மேல் ஏறத்தாழ 10 டன் அழுத்துவதாகக் கொள்ளலாம். பின்னச்சில் பக்கத்திற்கு இரண்டாக நான்கு சக்கரங்கள் உள்ளன. எனவே ஒரு சக்கரம் தாங்குவது 2½ டன். அச்சக்கரத்தின் டயர் தரையைத் தொடும் பரப்போ ஏறத்தாழ 350 சதுர சென்டிமீட்டர். விரித்த கைகள் இரண்டின் அளவே. இரண்டு கைகளின் பரப்பில் 2½ டன் அழுத்தினால் காய்ந்த சாலை தாங்கும்; மழையில் ஊறிய மண் தாங்காது.

அச்சக்கரத்தின் கீழே 150 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உடைய வலிய பலகை ஒன்றை இடுவோமாயின், சுமை 4,500 சதுர சென்டிமீட்டரில் பரவும். பலகை வளையாது நிற்குமானால், மண்ணின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்கவேண்டிய பாரம் முன்னிருந்ததில் பன்னிரண்டில் ஒரு பங்கினும் குறைந்துவிடும். சுமை குறையவில்லை, மண்ணும் மாறவில்லை. சுமை அமரும் இடம் மட்டுமே விரிந்தது. மீட்புத் தொழிலின் முதற்பாடம் இதுவே. சக்கரத்திற்கு வேண்டுவது, ஊன்றி ஏறுதற்கு உறுதியான ஓர் இடம்.

இதனை அறியாதார் செய்யும் பிழைகள் இரண்டு. பொறியை முடுக்கிச் சக்கரத்தை விரைந்து சுழலச் செய்வது ஒன்று. சேற்றில் சுழலும் சக்கரம் வண்டியை நகர்த்துவதில்லை. தன் அடியிலுள்ள மண்ணை வாரிப் பின்னே எறிந்து, தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்கின்றது. சற்று நேரத்தில் அச்சே மண்ணில் படிந்துவிடும். அதன்பின் வண்டி நிற்பது சக்கரங்களின் மேலன்று, வயிற்றின் மேல். மற்றொரு பிழை, ஊரே திரண்டு கயிறு கட்டி இழுப்பது. மண்ணில் படிந்த அச்சு ஏர்போல் நிலத்தைக் கீறிக்கொண்டே வரவேண்டியிருத்தலால், இழுக்க இழுக்க எதிர்ப்பு மிகும். கயிறோ ஓரளவிற்கு மேல் தாங்காது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் தமிழாசிரியனாகப் பணியாற்றி வந்தேன். குறுவை அறுவடை முடியும் தறுவாயில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. களத்து நெல்லை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரை வழியே வந்த லாரி ஒன்றின் இடப்பக்கப் பின்சக்கரங்கள் கரை மண்ணில் பாதியளவு புதைந்தன. வண்டி வாய்க்காலை நோக்கிச் சாய்ந்து நின்றது. மேலே கரிய மேகம். நனைந்தால் நெல் முளைத்துவிடும். கவிழ்ந்தால் நெல்லும் வண்டியும் நீரில் மூழ்கும். அந்நெல்லே பல சிறுகுடிகளின் ஓராண்டு உழைப்பு. ஆதலின் ஊரார் பதறினர். பெரிய கயிறொன்றை வண்டியின் முன்பக்கம் பூட்டி நாற்பது பேர் இழுத்தனர். ஓட்டுநரும் பொறியை முடுக்கினார். சேறு சிதறியது, வண்டி மேலும் சாய்ந்தது. கயிறு அறுந்து, சாட்டையைப்போலச் சுழன்று, வேடிக்கை பார்த்து நின்ற ஒரு சிறுவனின் காதோரமாகச் சென்று வேலியைத் தாக்கியது. ஒரு சாண் தள்ளிப் பட்டிருந்தால் அச்சிறுவன் பிழைத்திருக்கமாட்டான்.

அப்பொழுது கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதியவர் ஒருவர் முன்வந்தார். அவ்வூர்க் கோயில் தேருக்கு ஆண்டுதோறும் முட்டுக்கட்டை இடுபவர் அவர். "தம்பி, பொறியை நிறுத்து. இப்போது உன் சக்கரம் ஓடவில்லை, குழி வெட்டுகிறது" என்று ஓட்டுநரிடம் சொன்னார். பிள்ளைகள் அனைவரையும் தொலைவிலுள்ள மேட்டிற்கு அனுப்பினார். வாய்க்கால் பக்கத்தில் எவரும் நிற்கலாகாது என்றார். பின்னர் வண்டியைச் சுற்றி வந்து, சாய்வையும் சேற்றின் ஆழத்தையும் கைத்தடியால் அளந்து பார்த்தார். "அண்ணே, இழுக்க வேண்டாமா?" என்று ஒருவர் வினவினார். "இழுப்பது கடைசி வேலை. முதலில் அது விழாமல் இருக்கட்டும்" என்று விடை வந்தது.

அன்று அவர் செய்தவை யாவும் மாணவர் மனத்தில் பதியத்தக்கவை. வண்டி மேலும் சாயாதவாறு, மேட்டுப் பக்கத்திலிருந்த புளியமரத்தின் அடியில் சாக்கைச் சுற்றி, அதன் மேல் புதிய கயிறொன்றைக் கட்டி, வண்டியின் உடற்சட்டத்தோடு இறுக்கினார். சாக்குச் சுற்றியமையால் மரத்தின் பட்டையும் கெடவில்லை, கயிறும் தேயவில்லை. மேட்டுப் பக்கத்துச் சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டைகள் இடப்பட்டன. அதன்பின் ஊரார் வரிசையாக நின்று, பின்பகுதியிலிருந்து 100 மூட்டைகளைக் கைமாற்றி மேட்டில் அடுக்கித் தார்ப்பாயால் மூடினர். 6 டன் சுமை இறங்கியது. இழுத்த நாற்பது பேரின் வலிமையும் செய்ய இயலாததை, சுமையைக் குறைத்த ஒரு செயலே எளிதாக்கிற்று. "மயிலிறகுக் குறள் இதற்குத்தான் எழுதப்பட்டதோ?" என்று என் மாணவன் ஒருவன் கேட்டது இன்றும் நினைவில் உள்ளது.

அடுத்து மண்வெட்டி வேலை தொடங்கியது. அச்சின் கீழிருந்த மண் முழுவதும் அகற்றப்பட்டது. சக்கரத்தின் முன்னே, குழியின் செங்குத்தான விளிம்பு வெட்டப்பட்டு, நீண்ட சரிவாக்கப்பட்டது. அரை மீட்டர் உயரத்தை ஒரே அடியாய் ஏறுதல் அரிது; அதே உயரத்தை மூன்று மீட்டர் நீளச் சரிவில் ஏறுதல் எளிது. குழியில் தேங்கிய நீர் சிறு வாய்க்கால் வெட்டி வடிக்கப்பட்டது. நீர் நிற்கும் வரையில் எதைக் கொட்டினாலும் அது சேறாகவே மாறும் அல்லவா?

இனி நெம்புகோலின் முறை. வலிய பனஞ்சட்டங்கள் இரண்டு கொண்டுவரப்பட்டன. ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம். சட்டத்தின் ஒரு முனையை அச்சின் கீழ்ச் செருகி, அம்முனையிலிருந்து 25 சென்டிமீட்டர் தொலைவில் ஆதாரக் கல்லை வைத்தனர். கல் சேற்றில் அமிழாதவாறு அதன் கீழே அகன்ற பலகை இடப்பட்டது. கல்லிலிருந்து கைப்பிடி முனை வரை 275 சென்டிமீட்டர். சுமை வரை 25 சென்டிமீட்டர். 275ஐ 25ஆல் வகுத்தால் 11. எனவே கைப்பிடியில் 50 கிலோகிராம் அழுத்தினால், மறுமுனையில் 550 கிலோகிராம் எழும். மூவர் சேர்ந்து அவ்வாறு அழுத்தினால் 1,650. இரண்டு சட்டங்களில் 3,300 கிலோகிராம். சுமை இறங்கிய லாரியின் ஒரு பக்கத்தைத் தூக்க அது போதுமானதாயிற்று.

நெம்புகோலின் இவ்விதியைக் கணித முறையில் நிறுவியவர், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. பதினொரு மடங்கு விசை நமக்கு வீணே கிடைக்கவில்லை. சுமை 2 சென்டிமீட்டர் எழவேண்டுமாயின் நம் கை 22 சென்டிமீட்டர் தாழவேண்டும். விசையில் பெற்றதைத் தொலைவில் கொடுக்கின்றோம். கைக்கருவி எதுவாயினும் இவ்வாணிகம் மாறுவதில்லை. கப்பியும் இவ்வாறே. சுமையோடு நகரும் கப்பி ஒன்றின் வழியே கயிற்றைச் செலுத்தி இழுத்தால், உராய்வை நீக்கிக் கணக்கிட, பாதி விசையே போதும். ஆனால் வண்டி ஒரு மீட்டர் நகர, கயிற்றை இரண்டு மீட்டர் இழுக்கவேண்டும். ஆகவே கைக்கருவியைக் கையாள்வோனுக்குப் பொறுமை கட்டாயமாகின்றது.

இனி இப்பாடத்தின் உயிர்நிலையான செய்திக்கு வருவோம். நெம்புகோல் ஒரு முறைக்கு இரண்டு விரற்கடையே தூக்குகின்றது. கையை எடுத்தால் சுமை மீண்டும் இறங்கிவிடும். நூறு முறை நெம்பினாலும் நூறு முறையும் இறங்குமாயின் பயன் என்ன? ஆதலின் ஒவ்வொரு முறை அச்சு எழும்போதும், முதியவர் குந்தியிருந்து, நீண்ட கழியின் நுனியால் ஒரு மரக்கட்டையை அதன் கீழே தள்ளினார். தம் கையை அச்சின் கீழ் நீட்டவில்லை. சுமை கட்டையின் மேல் அமர்ந்தது. நெம்புவோர் மூச்சு வாங்கினர், ஆதாரக் கல் உயர்த்தப்பட்டது, மீண்டும் நெம்பினர், மீண்டும் ஒரு கட்டை. இவ்வாறு தூக்கியது நெம்புகோல். தூக்கியதை இழக்காமல் காத்தது கட்டை. நெம்புகோலைப் பிடித்தவர் அறுவர். கட்டையை இட்டவர் ஒருவர். அவ்வொருவர் இல்லையேல் அறுவர் உழைப்பும் சேற்றில் கரைந்திருக்கும்.

இவ்வுண்மையைத் திருகு ஜாக்கியும் நமக்குக் கற்பிக்கின்றது. ஜாக்கியின் கைப்பிடி சுற்றும் வட்டம் 2 மீட்டர் என்றும், ஒரு சுற்றுக்குத் திருகு எழுவது 1 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். கணக்குப்படி விசை 200 மடங்காதல் வேண்டும். ஆனால் திருகின் மறைகளில் எழும் உராய்வு அதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். இஃது இழப்பன்றோ எனத் தோன்றும். அவ்வுராய்வே இல்லாதிருந்தால், நாம் கைப்பிடியை விட்டவுடன் திருகு தானே பின்னோக்கிச் சுழன்று, தூக்கிய வண்டியைக் கீழே இறக்கிவிடும். நம் உழைப்பில் பாதியை வாங்கிக்கொண்ட உராய்வே, மீதியை நமக்குக் காத்துத் தருகின்றது. முட்டுக்கட்டை செய்யும் வேலையை ஜாக்கியின் உள்ளே உராய்வு செய்கின்றது. அவ்வாறு இருப்பினும், ஜாக்கி மட்டுமே தாங்கும் வண்டியின் கீழே ஒருவரும் நுழைதல் ஆகாது. ஜாக்கி சரியலாம், அதன் அடிநிலம் அமிழலாம். அகன்ற பலகையின் மேல் அதனை நிறுத்தி, பக்கத்தே கட்டைகளை அடுக்கித் தாங்கச் செய்த பின்னரே வேலை செய்தல் வேண்டும்.

சக்கரம் குழியிலிருந்து எழுந்தபின், செங்கல் துண்டுகளும் ஓட்டுச் சில்லுகளும் கொண்டு குழி தூர்க்கப்பட்டது. அதன் மேல் தென்னமட்டைகளும், மட்டைகளின் மேல் பலகைகளும் பரப்பப்பட்டன. கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, சக்கரத்தைப் பலகையின் மேல் இறக்கினர். ஓட்டுநர் முதற்கியரில், பொறியை விரையவிடாமல், வண்டியை மெல்ல நகர்த்தினார். மேட்டுப் பக்கத்துக் கயிற்றையும் அதற்கேற்ப மரத்தடியில் சிறிது சிறிதாக நெகிழ்த்தினர். ஒவ்வொரு சாண் நகர்வுக்கும் சக்கரத்தின் பின்னே ஒரு கட்டை தொடர்ந்தது. ஒளி மங்கும் வேளையில் லாரி உறுதியான தரையை அடைந்தது. மூட்டைகளை மீண்டும் ஏற்றி முடித்தபோது மழை தொடங்கிற்று. இறுதி வரை அன்று மீண்டும் நாற்பது பேர் இழுக்கவேண்டிய தேவையே எழவில்லை.

சேற்றுக்குப் பொருந்திய இம்முறை மணலுக்கும் பொருந்தும் என்பதற்கு உலக வரலாற்றிலும் சான்றுண்டு. ரால்ஃப் பாக்னால்ட் என்பவர் ஆங்கிலப் படைப் பொறியாளர். 1920களிலும் 1930களிலும் லிபியப் பாலைவனத்தில் ஃபோர்டு கார்களில் பயணம் செய்தார். மென்மணலில் கார்கள் அடிக்கடி புதைந்தன. கெய்ரோ நகரத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றில், முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளுக்குக் கூரையிடுவதற்காகச் செய்யப்பட்ட எஃகுக் கால்வாய்த் தகடுகள் கிடந்தன. அவற்றை வாங்கிப் புதைந்த சக்கரங்களின் முன்னே இட்டு, அவற்றின் மேல் கார்களை ஏற்றி மீட்டார். டயர்களில் காற்றைக் குறைத்து, அவை தரையைத் தொடும் பரப்பைப் பெருக்கும் முறையையும் கையாண்டார். 1940இல் அவர் அமைத்த பாலைவனப் படைப்பிரிவின் லாரிகளும் அத்தகடுகளைச் சுமந்தே சென்றன. மணலின் இயல்பை ஆராய்ந்து 1941இல் அவர் வெளியிட்ட நூல், அத்துறையில் இன்றும் மதிக்கப்படுகின்றது. வாய்க்கால் கரைப் பலகையும் பாலைவனத் தகடும் செய்தது ஒன்றே: சுமைக்கு ஊன்றுமிடம் தந்தன.

நம் நாட்டில் இக்கலை நெடுங்காலமாக வளர்ந்த இடம் தேர்வீதி. திருவாரூர் ஆழித்தேரை அறியாதார் இலர். அலங்கரித்த நிலையில் அதன் உயரம் 96 அடி என்றும், எடை ஏறத்தாழ 300 டன் என்றும் கூறுவர். பல ஆண்டுகள் ஓடாது நின்ற அத்தேர் 1970இல் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. 300 டன் எடை நான்கு சக்கரங்களில் சமமாக அமர்ந்தால், சக்கரம் ஒன்றுக்கு 75 டன். தெருவில் நூறடிக்கு ஓரடி சரிவு இருந்தாலும், தேரைத் தாழ்வை நோக்கித் தானே தள்ளும் விசை 3 டன் ஆகும். கண்ணுக்குப் புலப்படாத சரிவு கூட இத்துணைப் பெருவிசையை எழுப்புமாயின், தேரை ஓட்டுவதினும் நிறுத்துவதே அரிது என்பது விளங்கும்.

தேர் நின்றுவிட்டால், பின்சக்கரங்களின் அடியில் நீண்ட நெம்புதடிகளை இட்டு, பலர் அவற்றை அழுத்தி அசைப்பர். முன்னே வடம் பிடிப்போர் அந்நொடியிலேயே இழுப்பர். தேர் ஓடும்போது சக்கரத்தின் அருகே ஆப்பு வடிவான முட்டுக்கட்டையுடன் சிலர் தொடர்ந்து வருவர். கட்டையை ஒரு பக்கமாக இட்டால் தேர் திசை திரும்பும். நேரே இட்டால் தேர் நிற்கும். வீதியின் அகலத்தில் அத்துணைப் பெரிய தேர் வீட்டுச் சுவரில் மோதாமல் செல்வது அவர்கள் கைத்திறத்தால். திருவாரூர்த் தேருக்கு இந்நாளில் திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனத்தார் செய்த இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் உள்ளன. பின்னிருந்து புல்டோசர்களும் தள்ளுகின்றன. அங்கும் முட்டுக்கட்டை இடுவோர் தொழில் ஒழிந்துவிடவில்லை.

அத்தொழில் உயிரைப் பணயம் வைப்பது. ஓடும் சக்கரத்தின் அருகே குனிந்து, கட்டையை இட்டு, கையையும் காலையும் மீட்டுக்கொள்ள ஒரு நொடியே கிடைக்கும். தேரோட்டங்களில் சக்கரத்திற்கு அருகில் நின்றோர் அதில் சிக்கி மாண்ட துயரங்கள் உண்டு. தேரின் மேற்பகுதியும் கருதத்தக்கது. 2022 ஏப்ரல் 27ஆம் நாள் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டதனால் பதினொருவர் உயிரிழந்தனர். ஆகவே பெருவண்டி எதுவாயினும் அதனை அசைக்கும் முன், கீழே சக்கரத்தையும், பக்கத்தே மக்களையும், மேலே கம்பிகளையும் பார்த்தல் கடமை. இழுக்கப்படும் கயிற்றின் நேர்க்கோட்டில் எவரும் நிற்கலாகாது என்பதும், ஒருவர் சொல்லுக்கே அனைவரும் கட்டுப்படல் வேண்டும் என்பதும் அதனோடு சேர்த்து நினைக்கத்தக்கவை.

மாணவர்களே! "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று நாம் இகழ்ச்சியாகக் கூறுவதுண்டு. நற்செயலைத் தடுப்பவனுக்கு அச்சொல் பெயராகிவிட்டது. சொல்லின் வரலாற்றை நோக்கின், இது முட்டுக்கட்டைக்கு இழைத்த அநீதியே. வடம் பிடிப்போரை ஊர் பாராட்டும். "ஊர் கூடித் தேர் இழுத்தல்" என்று ஒற்றுமைக்கு உவமை கூறும். இழுத்த தேர் பின்னோக்கி உருளாமலும், வழி விலகாமலும், மக்கள் மேல் ஏறாமலும் காத்தவனை எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவன் குனிந்தே இருப்பதால் கண்ணிற் படுவதுமில்லை. தடுக்கவேண்டிய இடத்தில் தடுப்பவன் செயலுக்குப் பகைவன் ஆகான். அவன் செயலின் பயனைக் காப்பவன்.

கல்வியிலும் இது பொருந்தும். ஒரு நாள் ஊக்கத்தோடு பல பக்கங்களைப் படித்துவிடுதல் நெம்புகோல் தூக்குவதை ஒக்கும். படித்ததை அன்றே ஒரு முறை எழுதிப் பார்த்தல் அதன் கீழே கட்டை வைப்பதை ஒக்கும். கட்டை வைக்காதவன் மறுநாள் அதே பக்கத்தை முதலிலிருந்து தூக்கவேண்டியவனாகின்றான். உழைத்துச் சேர்த்த சிறு பொருளைக் காத்துக்கொள்வோன் குடும்பமும், பெற்ற உரிமையை இழக்காமல் பேணும் மக்களின் நாடும் இவ்வாறே மேலெழுகின்றன. வண்டி ஆழ்ந்தால் கலங்காதீர்கள். சுற்றி வந்து பாருங்கள், சுமையை இறக்குங்கள், மண்ணை அகற்றுங்கள், ஊன்றுமிடம் அமையுங்கள், சிறிதே தூக்குங்கள். தூக்கிய சிறிதை, அடுத்த மூச்சு வாங்கும் முன், ஒரு கட்டையால் காத்துக்கொள்ளுங்கள்.

வினாக்கள்

1. உமணர் சேம அச்சைக் கொண்டுசென்றது ஏன்?
2. சக்கரத்தின் கீழே பலகை இடுவதால் விளையும் பயன் யாது? கணக்கிட்டு விளக்குக.
3. முதியவர் லாரியை மீட்கச் செய்தவற்றை முறையே தொகுத்து எழுதுக.
4. திருகு ஜாக்கியில் உராய்வு நன்மையும் செய்கின்றது என்பதை நிறுவுக.
5. முட்டுக்கட்டை என்னும் சொல்லுக்கு ஆசிரியர் தரும் மதிப்பினை உம் வாழ்க்கையில் கண்ட ஒரு நிகழ்ச்சியோடு பொருத்தி ஒரு பத்தி வரைக.